நிற்க

அருங்காட்சியகத்தின் மூன்றாம் கூடத்து நாற்காலியின் கால் உடைந்த அன்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உடைந்தது ஓவியத்தில் இருந்த நாற்காலியின் கால் என்றால் கதையே வேறு. அவசரக் கூட்டம் போட்டிருப்பார்கள், பத்திரிகைக்குச் செய்தி போயிருக்கும், இயக்குநர் வெளியூர்ப் பயணத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்திருப்பார். உடைந்ததோ காவலாளி உட்காரும் மர நாற்காலியின் கால். பழுது பார்க்க என்று தூக்கிக்கொண்டு போனார்கள். போனது போனதுதான், ஒன்பது மாதமாகத் திரும்பி வரவில்லை.

அந்தக் காவலாளிக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் இருக்கிறது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. இருபத்தாறு வருடமாக ஒரே கூடத்தில் ஒரே மூலையில் இருக்கிறார் என்பதால் கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் தூண். வயதுக்கு மரியாதை கொடுத்துத் தூணண்ணன். அப்போதெல்லாம் அவர் உட்கார்ந்திருக்கும் தூண். இந்த ஒன்பது மாதமாகத்தான் காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஐந்தரை வரை கால் கடுக்க நின்று, பெயருக்கு நியாயம் செய்துகொண்டிருந்தார். ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம் இருந்தது.

அவர் காவல் காத்தது ஒரே ஓவியத்தை. அதன் பெயர் 'நாற்காலி'. சுவர் முழுக்க அடைத்துக்கொண்டிருக்கும். வறண்டு வெடித்த ஏரி, நடுவில் ஒரு நாற்காலி, அதில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு மீன் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். வானத்திலிருந்து சாவிகள் மழையாகக் கொட்டும். நாற்காலிக்கு மூன்று கால் மரக்கால். நாலாவது கால் மனிதக் கால். முட்டி வரை சுருட்டிவிட்ட பேண்ட், செருப்பில்லாத பாதம், வீங்கிப்போன முழங்கால். சர்ரியலிச ஓவியம் என்று பக்கத்துப் பலகையில் எழுதியிருந்தது. வரைந்தவர் எதையும் விளக்காமல் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் விளக்காமல் விட்டதால் நாற்பத்தொரு பேருக்கு வேலை கிடைத்தது.

மாடியில் அதற்கென்றே ஒரு துறை. குறியீட்டு விளக்கத் துறை. வாசலில் பித்தளைப் பலகையில் அதன் கொள்கையைப் பொறித்திருந்தார்கள்: 'எதுவும் அதுவல்ல.' மீன் என்றால் மீன் அல்ல, சாவி என்றால் சாவி அல்ல. பதினோரு வருட உழைப்பில் மீனின் கண்ணாடி வரைக்கும் வந்திருந்தார்கள். இடது கண்ணாடி முடிந்துவிட்டது. சாவிகளுக்குத் தனி உபகுழு. மனிதக் காலை இன்னும் யாரும் தொடவில்லை, அது நாலாம் கட்டத்தில் வருகிறதாம். தூணண்ணன் மட்டும் அந்தக் காலைத் தினமும் பார்ப்பார். பாவம், எவ்வளவு நாளாக நிற்கிறானோ என்று தோன்றும். தோன்றியதை வெளியே சொல்ல மாட்டார். காவலாளி விளக்கம் சொல்லக் கூடாது என்று விதி இருந்தது.

விதி என்றதும் அந்தப் பதினேழாம் விதியைச் சொல்லியாக வேண்டும். 'விளக்கத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட எந்தப் பொருளையும் விளக்கம் முடியும்வரை அசைக்கக் கூடாது.' ஆறு வருடத்துக்கு முன்னால் மின்விளக்கு மாட்ட வந்த எலக்ட்ரீசியன் தன் ஏணியை ஓவியத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். அந்த நேரம் பார்த்துத் தலைமை விளக்குநர் கீழே இறங்கி வந்தார். வானத்திலிருந்து சாவி, தரையிலிருந்து ஏணி! கோப்பு திறந்தாகிவிட்டது. எலக்ட்ரீசியன் திரும்பி வந்தபோது ஏணியைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. அந்த ஏணி இன்றும் அங்கேயே நிற்கிறது. மேலே இரண்டு விளக்கு எரியவில்லை. மாற்றலாம் என்றால் ஏணி இல்லை.

இன்னொரு கூத்தும் உண்டு. போன வருடம் இயக்குநர் அறையிலிருந்து ஒரு குறிப்பு கிளம்பியது. 'மூன்றாம் கூட ஓவியம் தொடர்பாக உடனடியாக விளக்குமாறு' என்பதோடு முதல் பக்கம் தீர்ந்துபோயிற்று, 'கேட்டுக்கொள்கிறேன்' அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. தபால் பிரிவு எழுத்தர் முதல் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கிடங்குக்கு அனுப்பினார். கிடங்கிலிருந்து ஒரு டஜன் விளக்குமாறு வந்து ஓவியத்தின் கீழே ஏணியோரமாக இறங்கியது. விளக்கத் துறை அதையும் விளக்கத்துக்கு எடுத்துக்கொண்டதால் அதில் ஒன்றைக்கூட எடுத்துக் கூட்ட முடியவில்லை. இனி இந்த மாதிரி அசிங்கம் நடக்கக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. 'நாற்காலி' என்ற சொல் எந்தக் கடிதத்தில் வந்தாலும் அது கிடங்குக்குப் போகக் கூடாது, நேராக விளக்கத் துறைக்கே போக வேண்டும்.

இந்தச் சுற்றறிக்கையைத் தூணண்ணன் படிக்கவில்லை. படித்திருந்தால் அந்தக் கடிதத்தை எழுதியே இருக்க மாட்டார்.

வீட்டிலிருந்து ஒரு முக்காலி கொண்டுபோய்ப் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கொண்டுபோனார். வாசலிலேயே பிடித்துக்கொண்டார்கள். 'படைப்பாளர் பெயர் தெரியாத சிற்பம்' என்று பதிவேட்டில் ஏற்றி, இப்போது அது ஐந்தாம் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. தரையில் உட்கார்ந்தால் தூங்கினார் என்று குறிப்பாணை வரும். சுவரில் லேசாகச் சாய்ந்துகொள்வதுதான் அவருக்கு இருந்த ஒரே சுகம்.

டாக்டர் முட்டியை அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இப்படியே நின்னுட்டிருந்தீங்கன்னா, உங்களுக்கு முன்னாடியே உங்க கால் ஓய்வு வாங்கிடும். அப்புறம் நடக்கறதெல்லாம் மறந்துட வேண்டியதுதான்."

அதைக் கேட்டு அதிகம் கலங்கியது அவருடைய மனைவி. வீட்டில் தையல் மெஷின் வைத்துத் துணி தைப்பவள். அவளும் நாள் முழுக்க மெஷினை விட்டு எழுந்ததில்லை, இவரும் கூடத்தை விட்டு அசைந்ததில்லை. ஓய்வு கிடைத்ததும் தினமும் சாயங்காலம் ஆற்றங்கரையோரமாகப் பாலம் வரைக்கும் இரண்டு பேரும் நடந்துபோய் நடந்து வருவது என்று பல வருடமாகப் பேசி வைத்திருந்தார்கள். இப்போது மூன்றாம் மாடியில் இருக்கும் வீட்டுக்கு ஏறுவதற்கே ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் உட்கார வேண்டியிருந்தது.

"கடுதாசி எழுதுங்க. எழுதாம இருந்தா யாருக்குத் தெரியும்?" என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

இரண்டு காலில் நிற்கவே முடியாதவர் எழுத உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்த முறையை அவர் மறக்கவில்லை.

'மதிப்பிற்குரிய ஐயா, நலம். தங்கள் நலமறிய ஆவல்.

நிற்க.

மூன்றாம் கூடத்தில் நாற்காலி இல்லை. இருந்த நாற்காலிக்கு ஒரு கால் போய்விட்டது. ஒன்பது மாதமாக நிற்கிறேன். என் காலும் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு நாற்காலி வேண்டும். பழையதாக இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு, மூன்றாம் கூடக் காவலாளி.'

மனைவி எட்டிப் பார்த்தாள். "உக்காரறதுக்கு நாற்காலி கேக்கற கடுதாசில எதுக்குங்க நிற்க?"

"கடுதாசின்னா அப்படித்தான் எழுதணும். நலம் விசாரிச்சாச்சு, அது அப்படியே நிக்கட்டும், இனி விஷயத்துக்கு வரேன்னு அர்த்தம்."

"என்னமோ, அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கலை" என்றாள். அவள் பேச்சை அவர் அன்று கேட்கவில்லை.

மூன்றாம் நாள் மாடியிலிருந்து ஆள் வந்தது. தலைமை விளக்குநர் உடனே வரச் சொல்கிறாராம். நாற்காலி வந்துவிட்டது, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துத் தூணண்ணன் இருபத்தெட்டுப் படியையும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

அறையில் ஏழு மெத்தை நாற்காலி, ஏழிலும் ஆள். தலைமை விளக்குநர் நடுவில் இருந்தார். அவருக்கு ஒரு வழக்கம், பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார். அதனால் எதிரில் இருப்பவர் நிற்கிறாரா உட்கார்ந்திருக்கிறாரா என்பது அவருக்குத் தெரிய வந்ததே இல்லை.

"இதை எழுதினது நீங்களா?"

"ஆமா சார்."

"நீங்களேவா?"

"வீட்டுக்காரி பக்கத்துல இருந்தா சார்."

"கூட்டுப் படைப்பு" என்று ஒருவர் குறித்துக்கொண்டார்.

தலைமை விளக்குநர் கண்ணை மூடினார். "'மூன்றாம் கூடத்தில் நாற்காலி இல்லை.' கவனிச்சீங்களா? 'நாற்காலி'ன்னு எவ்வளவு பெரிய ஓவியம் அங்க தொங்குது! அதுக்கு முன்னாடி நின்னுக்கிட்டு, நாற்காலி இல்லைங்கறார். பதினோரு வருசமா நமக்கு இந்தத் துணிச்சல் வரலை. 'பழையதாக இருந்தாலும் பரவாயில்லை.' அடடா, மரபோட ஒரு சமரசம்! எல்லாத்துக்கும் மேல அந்த ஒத்தைச் சொல், தனி வரியில. 'நிற்க.' நாம உக்காந்துட்டே பாத்த ஓவியம் இது. இவர் ஒரே வார்த்தையில எல்லாரையும் எழுப்பிட்டார்."

யாரும் எழுந்திருக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்கள்.

"சார், நான் சொன்னது வேற" என்றார் தூணண்ணன். "எனக்கு உக்கார ஒரு நாற்காலி..."

"'ஒரு' நாற்காலி! கேட்டீங்களா? 'அந்த' இல்லை, 'இந்த' இல்லை, 'ஒரு'!"

"நிஜ நாற்காலி சார். மரத்துல செய்யற நாற்காலி."

ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மெய்ம்மையைத் தேடும் குரல்" என்று இன்னொருவர் எழுதிக்கொண்டார். தூணண்ணன் இறங்கி வந்தபோது வலது முட்டி பணியாரக் கல்லில் ஊற்றிய மாவாக உப்பியிருந்தது.

மனிதர் விடவில்லை. நினைவூட்டுக் கடிதம் எழுதினார். 'என் முந்தைய கடிதத்துக்குப் பதில் இல்லை' என்ற வரியைத் துறையின் காலாண்டிதழ் அட்டையில் போட்டது, அவருடைய இரண்டாம் காலகட்டம் கசப்பானது என்று ஒரு கட்டுரையும் வந்தது. டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி இணைத்தார். 'வலது முழங்கால் மூட்டுத் தேய்மானம்' என்பதில் மூட்டு எதை எதோடு இணைக்கிறது என்று இரண்டு பேர் ஒரு மாதம் சண்டை போட்டார்கள். டாக்டரின் ரப்பர் முத்திரை கொஞ்சம் சாய்ந்து விழுந்திருந்தது. அதற்கும் ஒருவர் விளக்கம் சொன்னார்.

அப்புறம் கருத்தரங்கம். தலைப்பு, 'நிற்றல்.' மேடையில் எட்டு நாற்காலி போட்டு எட்டுப் பேர் உட்கார்ந்து பேசினார்கள். தூணண்ணனை நடுவில் நிறுத்தி வைத்திருந்தார்கள். மூன்று மணி நேரம். கேள்வி நேரத்தில் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "நீங்க ஏன் நிக்கறீங்க?"

"நாற்காலி இல்லம்மா."

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. தூணண்ணன் ஒலிபெருக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், "எனக்கு உக்காரணும் ஐயா, அவ்வளவுதான்" என்றார். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்த ஒரு நிமிடம் எட்டு நாற்காலியும் காலியாக இருந்தது. அவர் ஒரு நாற்காலியைப் பார்த்து நகர்வதற்குள் எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து கூடத்துக்குக் கூட்டம் வர ஆரம்பித்தது. ஓவியத்தைப் பார்க்க வந்தவர்கள் இவரையும் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருநாள் தலைமை விளக்குநரே இறங்கி வந்து, "சுவர்ல சாயாதீங்க, அர்த்தம் மாறிடுது" என்று சொல்லிவிட்டுப் போனார். இருந்த ஒரு சுகமும் போயிற்று.

தபால் பிரிவு எழுத்தர் நல்ல மனிதர். நடந்ததையெல்லாம் கேள்விப்பட்டு வருத்தப்பட்டவர், 'நாற்காலி' என்ற சொல்லைக் காகிதம் ஒட்டி மறைத்து, கடிதத்தின் நகலைச் சுற்றறிக்கைக்குத் தெரியாமல் கிடங்குக்கு அனுப்பி வைத்தார். கிடங்கிலிருந்து பதில் வந்தது, முத்திரை கையெழுத்தோடு.

'தங்கள் கடிதம் பரிசீலிக்கப்பட்டது. தாங்கள் கோரும் பொருளின் பெயர் தெளிவாக இல்லை. எனினும் இரண்டாம் வரியில் "நிற்க" என்று தாங்களே எழுதியிருப்பதால், மூன்றாம் கூடத்தில் தாங்கள் தொடர்ந்து நிற்க இதன்மூலம் அனுமதி வழங்கப்படுகிறது.'

தூணண்ணன் அதை இரண்டு தரம் படித்தார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மனைவியிடம் காட்டவில்லை. அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை என்று அவள் அன்றே சொன்னவள் ஆயிற்றே.

மறுவாரம் இயக்குநரே கூப்பிட்டு அனுப்பினார். "ஒரு சந்தோஷமான சேதி. உங்களைக் கௌரவிக்கணும்னு நிர்வாகக் குழு முடிவு பண்ணியிருக்கு. மூன்றாம் கூடத்துல உங்க பேர்ல ஒரு இருக்கை அமைக்கறோம்."

"இருக்கையா சார்?"

"ஆமா. நிரந்தரமான இருக்கை."

தூணண்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கால் முன்பே ஓடுவதாக இல்லை. அன்று மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறிப் போய் மனைவியிடம் சொன்னார். அவள் மெஷினை நிறுத்திவிட்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தைத்து மிச்சமான நீலத் துணியை எடுத்து, பஞ்சு திணித்து, நாற்காலிக்கு ஒரு மெத்தை தைத்தாள். நாலு மூலையிலும் கட்டிக்கொள்ள நாடா வைத்தாள். "மரத்துல அப்படியே உக்காந்தா இடுப்பு பிடிச்சுக்கும்" என்றாள்.

விழா அன்று மெத்தையைத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு அவர் மேடையில் நின்றார். இயக்குநர் பேசினார்.

"நண்பர்களே! சிலர் நிற்பதால்தான் நாம் எல்லோரும் உட்கார்ந்திருக்க முடிகிறது. இதை நான் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். இந்த எளிய மனிதர் ஒரு வருடமாக நின்று நமக்கு உணர்த்திய உண்மையை ஆராய, இன்று அவர் பெயரால் ஓர் ஆய்விருக்கையை நிறுவுகிறோம். இவ்விருக்கையின் முதல் பேராசிரியராக நம் தலைமை விளக்குநரின் மைத்துனர் ஐந்தாண்டுகளுக்கு நியமிக்கப்படுகிறார். தகுதி ஒன்றையே பார்த்தோம். மைத்துனர் என்பது பிறகுதான் தெரிய வந்தது. அவரால் இன்று வர முடியவில்லை. இனியும் அடிக்கடி வர முடியாது. ஆனால் அறிவுக்கு வருகைப் பதிவேடு கிடையாது!"

தலைமை விளக்குநர் கண்ணை மூடிக்கொண்டு தொடர்ந்தார். "இந்த ஓவியம் எளிதில் புரிந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். புரிந்துவிட்டால் என்ன ஆகும்? நாற்பத்தொரு குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும். கலையைக் காப்பாற்றுவது என்றால் அது புரியாமல் பார்த்துக்கொள்வதுதான்."

கைதட்டலுக்கு நடுவில் திரையை விலக்கினார்கள். ஓவியத்துக்கு நேர் கீழே நிஜமாகவே ஒரு நாற்காலி இருந்தது. தேக்கு மரம், கைப்பிடியில் பூ வேலைப்பாடு. நாலு பக்கமும் பட்டுக் கயிறு. முன்னால் ஒரு பலகை: 'இது நாற்காலியல்ல. இருக்கையின் குறியீடு. அமரக் கூடாது.'

இயக்குநர் தூணண்ணன் காதருகே குனிந்தார். "இதையும் நீங்கதான் பாத்துக்கணும். யாரும் உக்காந்துடாம."

அன்று வீட்டுக்குப் போனதும் மனைவி கேட்டாள்: "வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"மெத்தை சரியா இருந்துச்சா?"

"அளவெடுத்த மாதிரி இருந்துச்சு" என்றார். மெத்தை வேலையிடத்தில் அவருடைய அலமாரிக்குள், துணிப்பையோடு இருந்தது. இருபத்தெட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவர் அவளிடம் சொன்ன பெரிய பொய் அதுதான். ஒரு நாற்காலிக்கு ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டு, உட்கார வருகிறவர்களையெல்லாம் விரட்டுவதுதான் அவருக்கு அன்றிலிருந்து வேலை. வலி இடுப்புக்கு ஏறிவிட்டது.

பத்து நாள் கழித்து அவர் மதியச் சாப்பாட்டை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்தார். டப்பாவை எடுத்துக்கொண்டு மனைவி கூடத்துக்கே வந்துவிட்டாள். கட்டியவர் உட்கார்ந்திருக்கும் அழகையும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்ற ஆசை.

வந்தவள் பார்த்தாள். நாற்காலி இருந்தது, கயிறு இருந்தது, பலகை இருந்தது. அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவளைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார். அவள் பலகையைச் சத்தமாகப் படித்தாள். இரண்டாம் தடவை மெதுவாகப் படித்தாள்.

"அளவெடுத்த மாதிரி இருந்துச்சா?" என்றாள்.

அவள் நிமிர்ந்து ஓவியத்தைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அதை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"இதுக்கா நாப்பத்தொரு பேரு? மீனு கண்ணாடி மாட்டிக்கிட்டு சொகுசா உக்காந்திருக்கு. அடியில ஒரு மனுசன் காலு வீங்கி நின்னு தாங்கிக்கிட்டு இருக்கான். இதுல என்னங்க புரியலை?"

"மெதுவா பேசும்மா. காவலாளி விளக்கம் சொல்லக் கூடாது."

"நான் காவலாளி இல்ல." சுற்றிலும் பார்த்தாள். விளக்கு எரியாத மூலையில் கயிறு கட்டிய ஏணி நின்றது, அதன் காலடியில் தூசி படிந்த பன்னிரண்டு விளக்குமாறு. இந்தக் கதையெல்லாம் அவர் சொல்லிச் சொல்லி அவள் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறாள். இன்று சிரிக்கவில்லை. "இதுதானா அந்த ஏணி? ஆறு வருசமா அசைக்காத ஏணி?"

"அதுதான். பதினேழாம் விதி."

கொஞ்ச நேரம் அந்த ஏணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மெத்தை எங்க வெச்சிருக்கீங்க?"

அவர் காவலாளிகளின் அலமாரி இருக்கும் பக்கம் கை காட்டினார். சாவியை அவர் இடுப்பிலிருந்து அவளே எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்து பட்டுக் கயிற்றின் கொக்கியைக் கழற்றினாள். பார்க்க வந்திருந்த நாலைந்து பேர் மூச்சுவிடாமல் நின்றார்கள். நீல மெத்தையை நாற்காலியில் போட்டு நாலு நாடாவையும் கட்டினாள்.

"உக்காருங்க."

"வேலை போயிடும்மா."

"காலு போனா? ஆத்தங்கரைக்கு நான் தனியா போகவா? அன்னைக்கு அந்த நிற்க பிடிக்கலைன்னேன், கேக்கலை. இன்னைக்காவது கேளுங்க."

அவர் உட்கார்ந்தார். முதலில் கைப்பிடியைப் பிடித்து, பிறகு இடுப்பை இறக்கி, கடைசியில் வலது காலை நீட்டி. ஒரு வருடத்து வலி முட்டியிலிருந்து இறங்கிப் பாதம் வழியாகத் தரைக்குப் போனதை அவர் உணர்ந்தார். "அப்பாடா" என்றார். சொன்னதும் அழுகை வந்துவிட்டது, வெட்கப்படாமல் அழுதார்.

யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். இயக்குநரும் தலைமை விளக்குநரும் படியில் தடதடவென்று இறங்கி வந்தார்கள். இயக்குநருக்கு முகம் சிவந்திருந்தது.

"என்ன அநியாயம் இது! எந்திரிங்க முதல்ல!"

தூணண்ணன் கைப்பிடியை ஊன்றினார். மனைவி அவர் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தலைமை விளக்குநர் பக்கம் திரும்பினாள். குரலில் அப்படி ஒரு பணிவு.

"சார், நீங்க படிச்சவங்க. இவரு இப்படி உக்காந்திருக்கறதுக்கு என்ன சார் அர்த்தம்?"

திட்டுவதற்காக வாயைத் திறந்த தலைமை விளக்குநர் அப்படியே நின்றார். பதினோரு வருடத்தில் அந்தக் கேள்வியை வெளியாள் ஒருவர் அவரிடம் கேட்டதே இல்லை. அவர் கண் தானாக மூடிக்கொண்டது.

"'நிற்க' என்றவரே... அமர்கிறார். அமரக் கூடாததில் அமர்கிறார். நீல மெத்தை... நீர் இல்லாத ஏரிக்கு அடியில நீலம்! நாலு நாடா... நாலு கால்!" கண்ணைத் திறந்தார். "கோப்பைக் கொண்டு வாங்க!"

"கோப்பாவது மண்ணாவது! ஆளை எழுப்புங்கன்னா!" என்றார் இயக்குநர்.

"அசைக்கக் கூடாது சார். பதினேழாம் விதி. நீங்க கையெழுத்துப் போட்ட விதி."

இயக்குநர் பல்லைக் கடித்தார். "எத்தனை நாள்ல முடிப்பீங்க?"

"நாளா? ஏணிக்கே ஆறு வருசமாச்சு, இன்னும் நடுப்படிக்கு வரலை. இது உயிருள்ள குறியீடு சார்."

"இவருக்கு ஓய்வுக்கு இன்னும் பதினோரு மாசம் இருக்கு சார்" என்றாள் மனைவி. "அதுக்குள்ள முடிஞ்சிடுமா?"

தலைமை விளக்குநருக்குக் கோபமே வந்துவிட்டது. "பதினோரு மாசமா? முன்னுரைக்கே பத்தாது!"

"அப்ப சரி. சாயங்காலம் அஞ்சரைக்கு வீட்டுக்கு அனுப்பிடணும், காலையில வந்து உக்காந்துப்பாரு."

"இல்லாமல் போவதும் மீண்டும் தோன்றுவதும்" என்று தலைமை விளக்குநர் முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். பட்டுக் கயிற்றைத் தன் கையாலேயே மறுபடியும் மாட்டினார், மனைவியைக் கயிற்றுக்கு உள்ளேயே விட்டு. "இம்மிகூட அசையாதீங்க" என்று சொல்லிவிட்டுப் படியேறி ஓடினார். இயக்குநர் எதுவும் தோன்றாமல் பின்னாலேயே போனார். போகும்போது மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

கூடம் அமைதியானது. மனைவி சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அவர் மடியில் வைத்தாள். சாப்பிடக் குனிந்தார், நாற்காலி டக் என்று ஒரு பக்கம் சாய்ந்தது. பார்வைக்கு என்று செய்த நாற்காலிதானே, உட்காருவதற்கா செய்தார்கள்? ஒரு கால் கொஞ்சம் கட்டை.

"ஆடுதும்மா. அசையக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கார்" என்றார் பயந்துபோய்.

"இருங்க." அவள் குனிந்து பார்த்தாள். முட்டுக் கொடுக்க ஏதாவது கிடைக்குமா என்று தேடினாள். அவர் சட்டைப் பையில் மடித்த காகிதம் ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. உருவிப் பிரித்துப் படித்தாள். முத்திரை, கையெழுத்து, 'தொடர்ந்து நிற்க இதன்மூலம் அனுமதி.' அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சோற்றைப் பிசைந்தார்.

அவள் காகிதத்தை இரண்டாக, நாலாக, எட்டாக மடித்தாள். மண்டியிட்டு உட்கார்ந்து அந்தக் கட்டைக் காலுக்கு அடியில் செருகித் தட்டினாள்.

"இப்ப ஆடுதா?"

அவர் இடுப்பை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார்.

"இல்ல" என்றார்.